முதல் வீட்டின் பதில்

எங்கள் குடும்பத்துச் சாமிகளில் ஒருவர் இங்கிலாந்துக்காரர். வெளியூர் ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டு, சுருட்டும் சாராயமும் படைப்பீர்களா என்று கேட்பார்கள். இல்லை. எங்கள் துரை அதையெல்லாம் தொடமாட்டார். அவருக்குத் தண்ணீர் மட்டும்தான். பேரே தண்ணித்துரை. ஒருமுறை மதுரையிலிருந்து வந்த சம்பந்தக்காரர் ஒருவர் அந்தப் பேரை நம்பி முழு பிராந்திப் பாட்டிலோடு வந்து நின்றார். "நீங்க நெனச்ச ஆளு இல்ல அண்ணாச்சி இவரு" என்று என் பெரியப்பா மகன் பாட்டிலை வாங்கித் தன் லாரிக்குள் வைத்தான். அதன் பிறகு அந்தப் பாட்டிலை யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பூர்வீக ஊர் சாயர்புரம் தாண்டி, தேரிக்காட்டின் விளிம்பில் இருக்கிறது. செம்மணலும் பனையும்தான். கோவில் என்று சொன்னாலும் தகரக் கொட்டகைதான். உள்ளே வரிசையாக வெள்ளையடித்த பீடங்கள். தண்ணித்துரையின் பீடம் அந்த வரிசையில் இல்லை. கொட்டகைக்கு வெளியே, கிணற்றுப் பக்கம் தனியாக நிற்கிறது. கிணறு வற்றிப்போய், வாயில் கம்பிவலை போட்டுக் கிடக்கிறது. இப்போது சாமிக்கு ஊற்றுவது கேன் தண்ணீர். "துரைக்கு மினரல் வாட்டர், நமக்கு உப்புத் தண்ணி" என்பாள் என் மனைவி.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத் தனியாகப் பீடம் போட்டிருக்கிறது என்றால், அவர் நமக்கு நல்லது செய்தவர் என்று அர்த்தமில்லை. அவருக்கு நாம் ஏதோ செய்துவிட்டோம் என்று அர்த்தம். கோவில் கொடை விழாவுக்கு வந்து வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த சிறுபிள்ளைக்குக்கூட இது தெரியும். தண்ணித்துரையின் கதையும் அப்படித்தான். தூத்துக்குடியில் பஞ்சு அமுக்கும் கம்பெனியில் நீராவி எந்திரம் பார்த்த வெள்ளைக்காரர். பேதி நோய் ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன காலத்தில் ஏதோ வேலையாக மாட்டுவண்டியில் இந்தப் பக்கம் வந்தார். வழியில் அவருக்கே நோய் கண்டுவிட்டது. வண்டிக்காரன் பயந்துபோய் இறக்கிவிட்டு மாட்டைத் திருப்பிக்கொண்டான். துரை தேரி மணலில் தவழ்ந்து வந்து ஊரின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார். தண்ணி. உள்ளே இருந்தவர் கதவுக்குக் குறுக்குக் கட்டையைப் போட்டு அடைத்துக்கொண்டார். நோய் வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம். துரை கிணற்றுக்குப் போனார். வாளியையும் கயிற்றையும் அதற்கு முன்பே யாரோ எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள். பொழுது விடிந்தபோது கிணற்றுச் சுவரில் சாய்ந்தபடி இறந்து கிடந்தார்.

அந்த முதல் வீடு எங்கள் வீடு.

அடுத்த கோடையில் கிணறு வற்றியது, ஊரில் பிள்ளைகள் சாகத் தொடங்கினார்கள், குறி கேட்டார்கள், பீடம் போட்டார்கள். அன்று வைத்த முறை இன்றுவரை மாறவில்லை. சித்திரைக் கொடையில் உச்சிப் பொழுதுக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும்போது, துரை சாமியாடி மேல் இறங்குவார். இப்போது சாமியாடி என் பெரியப்பா மகன்தான். மற்ற நாட்களில் உப்பு லாரி ஓட்டுகிறான். இறங்கிய சாமி ஊரைச் சுற்றிப் பார்த்துக் கேட்கும்: "எனக்குக் கதவடச்சது எந்த வீடு?"

முதல் வீட்டு ஆண் ஒருவர் முன்னால் போய்ப் பதில் சொல்ல வேண்டும். "எங்க வீடு சாமி. தப்பு எங்களோடது."

"தண்ணி உண்டா?"

"உண்டு சாமி."

பிறகு அந்தக் கையாலேயே செம்பு செம்பாக ஊற்ற வேண்டும். அப்பா இருந்தவரை அவர் சொன்னார். அவர் போன பிறகு நான் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால், பல வருடம் அதைப் பஸ்சில் டிக்கெட் கேட்பதுபோல் சொல்லியிருக்கிறேன். வாய் "தப்பு எங்களோடது" என்னும்; மனசு, சமையலுக்குக் கொண்டுவந்த சிலிண்டர் சாயங்காலம்வரை தாங்குமா என்று கணக்குப் போடும்.

எனக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் கடை. கயிறு, பெயிண்ட், மிதவை, தூண்டில் முள் எல்லாம் கிடைக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கப்பலில் இருந்து இறங்கி ஊர் சுற்ற வரும் மாலுமிகளிடம் பேசிப் பேசி வந்த பாஷை அது. ஒரு முதிய மாலுமி என்னிடம், "உன் இங்கிலீஷ் ஓட்டைப் படகு, ஆனால் நீ நன்றாக நீந்துகிறாய்" என்றார். அந்த மாதிரி வார்த்தைகளை நான் விடமாட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்வேன். மனுசன் பேசுகிற பேச்சில்தான் அவன் முகம் இருக்கிறது என்பது என் கட்சி.

நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலம். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியின் பழைய படங்களைப் போடும் முகநூல் குழு ஒன்றில் ஒரு இங்கிலாந்து அம்மாள் எழுதியிருந்தார். தன் பாட்டனுக்குப் பாட்டன் இந்த ஊரில் பஞ்சுக் கம்பெனி எந்திரக்காரராக இருந்தவர். கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர் திரும்பவில்லை. "உள்நாட்டில் காய்ச்சலால் இறந்தார், உள்ளூர் மக்கள் அடக்கம் செய்தார்கள்" என்று மட்டும் கம்பெனி சொல்லியிருக்கிறது. குடும்ப வரலாறு தேடிக்கொண்டிருக்கிறேன், யாருக்காவது அவருடைய கல்லறை தெரியுமா என்று கேட்டிருந்தார்.

தண்ணித்துரை நினைவுக்கு வந்தார். ஆனாலும் ஊரில் செத்த வெள்ளைக்காரர் எத்தனையோ பேர். பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம் என்று எழுதினேன். இரண்டு மூன்று நாளில் வீடியோவில் பேசினோம். எழுபது வயதிருக்கும். நரைத்த முடியைக் கத்தரித்து, கம்பளிச் சட்டை போட்டு, சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "சின்ன வயதில் வைக்கோல் நறுக்கும் எந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டார். இடது கையில் சுண்டுவிரல் கிடையாது."

நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

துரை இறங்கும்போது என் அண்ணன், அதாவது அந்தப் பெரியப்பா மகன், இடது கைச் சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வான். ஆட்டம் முடியும்வரை நீட்டமாட்டான். அவனுக்கு முன் ஆடிய பெரியப்பாவும் அப்படித்தான் மடக்கினார். அவருக்கு முன் ஆடியவரும் அப்படித்தான் என்பார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. சாமிக்கு அது வழக்கம் என்று விட்டிருந்தோம்.

போனை நிமிர்த்தி, "அவர் கல்லறை இல்லை அக்கா. ஆனால் அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்" என்றேன். எங்கள் ஊரில் அவர் சாமி, வருடம்தோறும் ஊரே கூடி அவருக்குத் தண்ணீர் படைக்கிறோம் என்று சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அவ்வளவு பிரியமாக இருந்திருக்கிறார்களா அவர்மேல்?" என்று கேட்டார்.

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னலுக்கு ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இங்கிலாந்தில் கழிந்தன. அக்கா அங்கே தோண்டத் தோண்ட எனக்குச் சொல்வார். கிராமத்து மாதாகோவில் ஞானஸ்நானப் பதிவு, பழைய குடிக்கணக்கு, பள்ளிக்கூட வருகை, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கிராமத்தை நடந்தே காட்டினார். பச்சை என்றால் கண் கூசுகிற பச்சை. வயலுக்கு வயல் முள்செடி வேலி. "இந்த வேலியை வெட்டிக் கட்டுவதுதான் அவருடைய அப்பாவின் வேலை" என்றார். கூலிக்காரர். இரண்டே அறை உள்ள கல்வீடு. அதில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு என் மனைவி கன்னத்தில் கை வைத்தாள். எங்கள் துரை அங்கே சின்னப் பயலாக இருந்தபோது செய்த வேலை, விதைத்த வயலில் மரத்தாளம் தட்டிக்கொண்டு காக்கை விரட்டுவது. விடியலில் இருந்து இருட்டும்வரை மழையில் நிற்க வேண்டும். அரை வயிற்றுக்கு ரொட்டி.

இதை அண்ணனிடம் சொன்னேன். உப்பளத்துக்குப் பக்கத்து டீக்கடையில் லாரியை நிறுத்தியிருந்தான். டீயை ஊதிக்கொண்டே கேட்டான்.

"ஏலே, துரைன்னா குதிரையில பொறந்திருப்பான்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

"கூலிக்காரன் மகன்."

"காக்கா வெரட்டுன பய. நம்மள மாதிரி." டீயைக் குடித்து முடித்தான். "இத எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ல. இனி எப்படிலே ஆடுவேன்?"

அவன் சொன்னது விளையாட்டு இல்லை. எனக்கும் அதே கஷ்டம்தான். துரையாக இருந்தவரை அவருக்குக் கதவடைத்தது ஒரு கதை. யாரோ ஒரு அதிகாரி, யாரோ ஒரு பாட்டன். இப்போது அவருக்கு ஒரு அம்மா வந்துவிட்டாள். முள்வேலி கட்டும் அப்பா வந்துவிட்டார். குளிரில் விறைத்த விரலை எந்திரத்துக்குள் விட்ட பையனாக அவர் வந்துவிட்டார். அக்கா ஒருநாள் அந்தக் கிராமத்து நடுவில் இருக்கும் கைப்பம்பைக் காட்டினார். முன்பு கிணறாக இருந்ததாம், நாலு வீட்டுக்குப் பொது. "வழிப்போக்கர்களுக்கு இங்கே ஒரு தகரக் குவளை எப்போதும் தொங்குமாம். அம்மா சொல்லுவாள்" என்றார்.

அவர் எப்படி இறந்தார் என்று அக்கா கேட்காமல் இல்லை. கேட்டார். "பேதி" என்றேன். யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்றார். "எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அக்கா அதைக் கேட்டுவிட்டு, "உங்கள் வீட்டிலா! அப்படியானால் நாம் சொந்தம்" என்றார். அதிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார், நான் கற்றுக்கொடுத்த தமிழில். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, கணவர் போய்விட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அங்கிருந்து வாழ்த்துச் சொன்னார். என் மனைவிக்கு முழங்கால் வலி என்றால் அவர்தான் என்னைவிட அதிகமாக விசாரித்தார்.

போன வருடம் கொடைக்கு வருகிறேன் என்றார். வந்தார். தூத்துக்குடியில் லாட்ஜில் தங்கவைத்தேன். துறைமுகம் காட்டினேன், மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன், பஞ்சுக் கம்பெனி இருந்த இடத்தைக் காட்டினேன். இப்போது அது ஒரு குடோன். அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் நான் சொல்லிவிட நினைத்தேன். இன்றைக்குச் சாயங்காலம், நாளைக்குக் காலையில், ஊருக்குப் போகும் காரில். காரில் அவர் பையைத் திறந்து, அவர்கள் வயலில் இருந்து கொண்டுவந்த ஒரு கைப்பிடி மண்ணைக் காட்டினார், பீடத்தில் வைக்க. அதைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது?

உச்சிப் பொழுது. மேளம் ஏறியது. ஊர்ப் பெண்கள் அக்காவுக்குச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள். வியர்த்துச் சிவந்துபோய், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம் என்று எனக்குப் பக்கத்திலேயே நின்றார். அண்ணனுக்குச் சாமி வந்தது. இடது கைச் சுண்டுவிரல் மடங்கியது. அதைப் பார்த்து அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கதவடச்சது எந்த வீடு?"

"எங்க வீடு சாமி" என்றேன். அந்த வருடம்தான் முதல்முறையாக என் குரல் எனக்கே கேட்டது. "தப்பு எங்களோடது."

"தண்ணி உண்டா?"

"உண்டு சாமி."

அக்கா காதோடு கேட்டார்: "என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய் தம்பி?"

ஊரே கேட்க, மேளக்காரர் கேட்க, கம்பிவலைக்கு அடியில் கிடக்கும் கிணறு கேட்க இப்போதுதான் ஒத்துக்கொண்டேன். அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் கையெட்டும் தூரத்தில் நிற்கிறார். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

"தண்ணீர் யார் தருவார் என்று கேட்கிறார்" என்றேன் இங்கிலீஷில். "எங்கள் வீடு தரும் என்று சொன்னேன்."

அக்கா கைகூப்பினார். நான் ஊற்றினேன். அண்ணன் குடித்தான், நெஞ்செல்லாம் வழிய வழியக் குடித்தான். அக்கா கையிலும் செம்பைக் கொடுத்தோம், அவரும் ஊற்றினார். என் மனைவி தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகம் தெரியும்.

அக்கா ஊருக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினார். அவர்கள் கிராமத்து மாதாகோவில் சுவரில் எங்கள் துரைக்கு ஒரு கல் பதிக்கப் போகிறார்கள். கல்லறை இல்லாதவருக்கு ஒரு கல்லாவது இருக்கட்டும் என்று அக்கா ஊரில் கேட்டு வாங்கிய அனுமதி. கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தைத் தாளில் எழுதிப் படம் எடுத்திருந்தார். எங்கள் ஊர்ப் பேரின் எழுத்துச் சரிதானா பார், கல்வெட்டுகிறவர் காத்திருக்கிறார் என்று கேட்டிருந்தார். துரையின் பேர், பிறந்த ஊர், இறந்த ஊர். அதற்குக் கீழே: தூர தேசத்தில் தாகத்தோடு வந்தவருக்கு, அந்நியர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஊர்ப் பேரின் எழுத்துச் சரியாகத்தான் இருந்தது.

படத்தை மனைவியிடம் காட்டி, படித்துச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இத நீங்கதான சொன்னிய அன்னைக்கி?"

"அந்த நேரத்துல வேற என்னளா சொல்ல முடியும்?"

"சாமி முன்னால ஊருக்கே கேக்க ஒத்துக்கிடுதிய. அந்த அக்காகிட்ட மட்டும் என்னத்துக்கு இங்கிலீசு வரல?"

"சொன்னா அந்தம்மா மனசு ஒடைஞ்சிரும்."

"அவுக மனசா, நம்மள தம்பின்னு கூப்புட ஆளு இல்லாமப் போயிருமேன்னா?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"கல்லுல வெட்டிட்டா அழிக்க முடியாதுல்லா" என்றாள். செதிலைச் சுரண்டி வாளியில் தட்டினாள். "நாம கதவடச்ச ஆளுக்குத் தண்ணி குடுத்தோம்னு அவரு சொந்த ஊர்லயே எழுதி வைக்கப் போறாக. அவரு அதையும் பாத்துக்கிட்டு கெடக்கணும்."

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் அதை மீன் விலை சொல்வதுபோல் சொன்னாள்.

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து, குரல் செய்தியாகப் பேசினேன். எழுதினால் அழகு பண்ணிவிடுவேன் என்று பயம். என் ஓட்டைப் படகு இங்கிலீஷில் முழுசாகச் சொன்னேன். வாசலுக்கு வந்தார் என்று நான் சொன்னதன் மீதிப் பாதியைச் சொன்னேன். குறுக்குக் கட்டை. ஒளித்த வாளி. எங்கள் பக்கத்தில் பீடம் என்றால் என்ன அர்த்தம் என்பது. கொடையில் சாமி கேட்ட கேள்வி என்ன, நான் சொன்ன பதில் என்ன, உங்கள் காதில் நான் போட்டது என்ன. கல்லை வெட்டவேண்டாம் அக்கா என்று முடித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அதைக் கேட்கும் யோக்கியதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு நானாகக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போன் அடிக்கவில்லை. வீட்டில் கல்யாணம் ஒன்று வந்தது, வாழ்த்து வரவில்லை. கடையில் கயிறு அளந்துகொண்டிருக்கும்போது போன் சத்தம் கேட்டால் முழக்கணக்கை விட்டுவிடுவேன். வாடிக்கைக்காரர் ஒருவர், "அண்ணாச்சிக்கு இந்த வயசுல லவ்வா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், ஒரு மனுசனைக் கதவுக்கு வெளியே நிறுத்தினால் எப்படி இருக்கும் என்பது அந்த மாதங்களில்தான் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. அதையும் அவருடைய தாகத்தோடு சேர்த்துச் சொல்வது நியாயமில்லை. நான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் காத்திருந்தேன்.

அண்ணனிடமும் சொன்னேன்.

"நீ சொல்லிட்டியா?" என்றான்.

"சொல்லிட்டேன்."

"அந்தம்மா என்ன சொல்லிச்சி?"

"ஒண்ணும் சொல்லல."

"அது சரிதான். அன்னைக்கி அவரு கதவத் தட்டுனப்ப நாம மட்டும் பதிலா சொன்னோம்?" என்று லாரியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பங்குனி கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது. இந்த வருடம் கொடை எப்போது? தம்பி என்று இல்லை. நாளைச் சொன்னேன். இன்னொரு வரி வந்தது. அவர் கேள்வி கேட்கும் நேரத்தில் நான் பார்க்க வேண்டும்.

கூடவே ஒரு படம். மாதாகோவில் சுவரில் பதித்த கல். பேர், பிறந்த ஊர், இறந்த ஊர். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வழவழப்பாக வெறும் கல் இருந்தது, இன்னொரு வரிக்கு இடம் விட்டதுபோல.

இந்தச் சித்திரையில் வெயில் போன வருடத்தைவிட அதிகம். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றாள். தேரிக்காட்டில் சிக்னல் வரும் இடம் கிணற்றுச் சுவர்ப் பக்கம்தான் என்பதால் அங்கேயே நின்றாள். திரையில் அக்காவின் சமையலறை. அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், ஜன்னலில் மழை. அவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். போன வருடம் அவர் வைத்த மண் பீடத்தில் அப்படியே இருந்ததை மனைவி போனைச் சாய்த்துக் காட்டினாள்.

மேளம் ஏறியது. அண்ணனின் விரல் மடங்கியது.

"எனக்குக் கதவடச்சது எந்த வீடு?"

"எங்க வீடு சாமி. தப்பு எங்களோடது" என்றேன். பிறகு போனைப் பார்த்துத் திரும்பி, அதையே இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்ன கேட்டார் என்பதையும், நான் என்ன சொன்னேன் என்பதையும். கூட்டத்தில் யாரோ, "யாருகிட்டலே பேசுதான்?" என்றார்கள். இன்னொருவர், "சாமிக்குச் சொந்தக்காரவ போன்ல இருக்காக" என்றார். அதைக் கேட்டுக் கூட்டம் போன் பக்கம் திரும்பியது. மேளக்காரர்களும் கையை நிறுத்திவிட்டார்கள்.

பதில் வந்ததும் சாமி அடுத்ததைக் கேட்பது வழக்கம். இந்தமுறை கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, விரலை மடக்கியபடி, போன் இருக்கும் திசையைப் பார்த்து நின்றது. போனில் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதா என்று மனைவியைப் பார்த்தேன்.

"இருக்காக" என்றாள் அவள் மெதுவாக. "பாத்துக்கிட்டுதான் இருக்காக."

கொஞ்சம் கழித்து, "தண்ணி உண்டா?" என்றது சாமி.

"உண்டு சாமி."

ஊற்றினேன். அண்ணன் குடித்துக்கொண்டே இருந்தான். இரண்டு குடம் தீர்ந்து அடுத்த கேனை உடைக்கச் சொன்னார்கள். குடித்து முடித்துச் சாமி மலையேறியது. அண்ணன் கிணற்றுச் சுவரில் சரிந்து உட்கார்ந்தான்.

நான் போனை வாங்கினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் போதுமா?" என்றார்.

"இந்த வருடத்துக்குப் போதும். அடுத்த வருடம் மறுபடியும் கேட்பார்."

"இதே கேள்வியையா?"

"இதே கேள்விதான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நல்லது" என்றார். "கேட்கட்டும்."

திரை அணைந்தது. தம்பி என்று கூப்பிடவில்லை. கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை இங்கே மறைக்கவேண்டியதில்லை.

அண்ணன் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான். விரல் நீண்டுவிட்டது, அவன் லாரிக்காரனாகிவிட்டான்.

"ஏலே, அந்தம்மா என்ன சொல்லிச்சி?"

கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அவன் அதை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு காலிச் செம்பை எடுத்து என் கையில் வைத்தான்.

"பொறவு என்ன. கேன அங்கன தூக்கிட்டுப் போ. சனம் தாகத்தோட நிக்கி."